கருங்கல்லுக்குள் நீலப் பூ!

உலகம் தேடும் அபூர்வக் கல். ஜல்லி உடைக்கும் குவாரியில் கிடைக்கிறது!

கருங்கல் என்றால் எல்லோருக்கும் தெரியும். உடைத்தால் ஜல்லி. அடுக்கினால் சுவர். அந்தக் கல்லுக்குள் மயில் கழுத்து நிறத்தில் பூ பூத்திருக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும்!

மராட்டிய மாநிலத்தில், புனே நகருக்கு வடகிழக்கே வாகோலி என்று ஓர் ஊர். அங்கே கல் குவாரிகள் ஏற்பட்டன. வெடி வைத்துப் பாறையைப் பிளக்கும்போது, சில சமயம் பாறைக்குள் சிறு பொந்து தென்படும். பொந்தின் சுவரில் வெள்ளை வெளேர் என்று வேறு ஒரு கல் படிந்திருக்கும். அந்த வெள்ளையின் மேல், நீல நிறத்தில் உருண்டை உருண்டையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். மிளகு அளவு சில. சுண்டைக்காய் அளவு சில.

கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு உருண்டையும் ஒரு பூ! ஊசி போன்ற நூற்றுக்கணக்கான சிறு படிகங்கள், நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கின்றன. கதம்பப் பூவைப் போன்ற தோற்றம்.

யாரும் சாயம் பூசவில்லை. யாரும் செதுக்கவில்லை. பூமியே செய்த வேலை அது.

அந்தக் கல்லின் பெயர் "காவன்சைட்". உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் இது உண்டு. அவற்றிலும் பெரியதாக, அழகாக, ஏராளமாகக் கிடைத்த இடம் வாகோலிதான்.

ஆலங்குளத்துக்கு என்ன உறவு?

விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஆலங்குளம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் உள்ள ஆலங்குளம் வேறு, இது வேறு.

இந்த ஊரின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது சிமெண்டு. அரசாங்க சிமெண்டு ஆலை இங்கே 1970-ல் தொடங்கப்பட்டது. ஆலை இங்கே வந்ததற்குக் காரணம், பூமிக்குள் இருக்கும் சுண்ணாம்புக்கல்.

சுண்ணாம்புக்கல்லில் உள்ள முக்கியமான பொருள் கால்சியம். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பிலும் அதுதான் இருக்கிறது. நமது எலும்பிலும் பல்லிலும் அதுதான் இருக்கிறது.

வாகோலியின் நீலக் கல்லிலும் அதே கால்சியம் இருக்கிறது!

கல்லின் பெயரே அதைச் சொல்கிறது. கால்சியத்தின் "கா", வனேடியத்தின் "வன்", சிலிக்கேட்டின் "சி". இந்த மூன்றையும் சேர்த்து, விஞ்ஞானிகள் "காவன்சைட்" என்று பெயர் வைத்தார்கள். தாத்தா, பாட்டி பெயர்களில் ஒவ்வோர் எழுத்தை எடுத்துப் பேரனுக்குப் பெயர் வைப்பதுபோல!

கால்சியம் ஆலங்குளத்தில் மலிவு. சிலிக்கேட் என்பது மணலிலும் பாறையிலும் உள்ள பொருளின் குடும்பம். அதுவும் மலிவு. அப்படியானால் இந்தக் கல் ஏன் அபூர்வம்?

நடுவில் இருக்கும் "வன்" தான் காரணம்.

தொலைந்து கிடைத்த உலோகம்

வனேடியம் ஓர் உலோகம். இதைக் கண்டுபிடித்த கதை ருசிகரமானது.

1801-ம் ஆண்டு. மெக்சிகோ நாட்டில் டெல் ரியோ என்ற அறிஞர் ஒரு கல்லை ஆராய்ந்தார். அதில் புதிய உலோகம் ஒன்று இருப்பதைக் கண்டார். விதவிதமான நிறங்களை அது காட்டியது. மகிழ்ச்சியோடு அதற்குப் பெயரும் வைத்தார்.

ஆனால், பிரான்சு நாட்டு நிபுணர் ஒருவர், "இது புதிய உலோகம் அல்ல; ஏற்கனவே தெரிந்த குரோமியம்தான்" என்று சொல்லிவிட்டார். டெல் ரியோவும் அதை நம்பிவிட்டார். கண்டுபிடித்ததைக் கைவிட்டார்.

29 ஆண்டுகள் கழிந்தன. 1830-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி செப்ஸ்ட்ரோம் அதே உலோகத்தை மறுபடி கண்டுபிடித்தார். அதன் அழகான நிறங்களைப் பார்த்து, அந்த நாட்டுப் பழங்கதைகளில் வரும் அழகுத் தேவதையான "வனாதிஸ்" பெயரைச் சூட்டினார். மறு ஆண்டே, டெல் ரியோ கண்டதும் இதுவேதான் என்பது ருசுவாயிற்று. பாவம், அவர் முதலில் சொன்னதுதான் சரி!

இன்று வனேடியத்தை எஃகோடு சேர்க்கிறார்கள். எஃகு உறுதியாகிறது. மோட்டார் பட்டறையில் உள்ள ஸ்பேனரைப் பாருங்கள். சிலவற்றில் "குரோம் வனேடியம்" என்று பொறித்திருக்கும்.

இந்த உலோகம் சேரும் விதத்தைப் பொறுத்து நிறம் மாறும். ஒரு நிலையில் ஊதா. ஒரு நிலையில் பச்சை. இன்னொரு நிலையில் மஞ்சள். மற்றொரு நிலையில் நீலம். காவன்சைட்டில் இருப்பது அந்த நீல நிலை.

நீலம் என்றால் எல்லாம் ஒன்று அல்ல. மயில்துத்தம் நீலமாக இருப்பது செம்பினால். நவரத்தினத்தில் உள்ள நீலக்கல்லுக்கு நிறம் தருபவை இரும்பும் டைட்டானியமும். காவன்சைட்டின் நீலம் வனேடியத்தினால் வந்தது.

இட்லியில் உள்ள துளை போல!

இந்தக் கல் எப்படிப் பிறக்கிறது?

அதற்கு 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் போகவேண்டும். அப்போது இந்தியாவின் மேற்குப் பகுதியில் பூமி பிளந்தது. நெருப்புக் குழம்பு பொங்கி வழிந்தது. ஒரு தடவை அல்ல. மறுபடி மறுபடி வழிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக உறைந்தது.

அப்படி உறைந்த கருப்புப் பாறை இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய 4 மடங்கு! தக்காணப் பீடபூமியில் ஒரு பெரிய பகுதி இந்தப் பாறைதான். உலகப் புகழ் பெற்ற அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைந்ததும் இந்தப் பாறையில்தான்.

நெருப்புக் குழம்பின் சூடு ஆயிரம் டிகிரிக்கும் மேல். அதற்குள் ஆவியும் வாயுவும் இருக்கும். குழம்பு ஆறும்போது அவை குமிழியாகக் கிளம்பும். மேலே வருவதற்குள் குழம்பு இறுகிவிட்டால், குமிழி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு துளை விழும்.

இட்லியைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். பாறையில் விழுந்த துளையும் அப்படித்தான்.

பாறை பிறந்துவிட்டது. ஆனால் கதை முடியவில்லை.

பிறகு, சூடான தண்ணீர் பாறையின் வெடிப்புகள் வழியாக ஊறிச் செல்கிறது. போகிற வழியில் பாறையில் உள்ள பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. துளைக்குள் வந்ததும், சுமந்து வந்ததை அங்கே இறக்கிவைக்கிறது.

இதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். உப்புத் தண்ணீரைத் தினமும் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது அல்லவா? தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்துதான் அப்படிப் படிகிறது. பாறைத் துளைக்குள் நடப்பதும் அதைப் போன்றதுதான். ஆனால் நிதானமாக நடக்கும். ஆகையால் பொருள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகங்களாகின்றன.

பாறையோடு பிறந்தவை முதல் நிலைக் கனிமங்கள். பாறை பிறந்த பிறகு அதிலிருந்து தோன்றியவை இரண்டாம் நிலைக் கனிமங்கள். காவன்சைட் இரண்டாம் நிலைக் கனிமம். தாய்ப் பாறையின் வயிற்றில் பிற்பாடு உண்டான பிள்ளை!

டன்னுக்குச் சில நூறு கிராம்

தக்காணத்துக் கருப்புப் பாறையில் வனேடியம் மிகக் குறைவு. ஒரு டன் பாறையில் சில நூறு கிராம்தான் இருக்கும். காவன்சைட்டில் அது எவ்வளவு தெரியுமா? ஒரு டன்னுக்குச் சுமார் 110 கிலோ!

அதாவது, பாறையில் பரவிக் கிடந்ததைத் தண்ணீர் துளித் துளியாகத் திரட்டி, ஒரு சின்னப் பொந்தில் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். வனேடியம் சுற்றியுள்ள பாறையிலிருந்தே கரைந்து வந்திருக்கலாம் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கல்லின் எடையில் சுமார் 16 சதவீதம் தண்ணீர்! தொட்டால் ஈரம் இருக்காது. தண்ணீர் கல்லோடு கல்லாகச் சேர்ந்திருக்கிறது.

பொந்து வேண்டும். கால்சியம் வேண்டும். சிலிக்கேட் வேண்டும். வனேடியமும் வேண்டும், அதுவும் நீல நிலையில் இருக்கவேண்டும். இத்தனையும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் கூடவேண்டும். அதனால்தான் ஆயிரம் பொந்துகளில் வெள்ளைக் கல் இருந்தாலும், நீலப் பூ எங்கோ ஒன்றில்தான் இருக்கும்.

அமெரிக்காவில் பெயர், இந்தியாவில் புகழ்

இந்தக் கல்லை முதலில் அடையாளம் கண்டது இந்தியாவில் அல்ல. அமெரிக்காவில் ஓரிகான் என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே ஓவைஹீ அணைக்கட்டுப் பகுதியில் 1967-ல் நீலநிறப் படிகங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஸ்டேப்பிள்ஸ், எவான்ஸ், லிண்ட்சே என்ற மூன்று விஞ்ஞானிகள் அவற்றை ஆராய்ந்தார்கள். "இது உலகம் இதுவரை அறியாத கனிமம்" என்று 1973-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

அங்கே கிடைத்தவை மிகச் சிறியவை. அதிகமாகவும் கிடைக்கவில்லை.

அதே 1970-களில் புனே பக்கத்திலும் இந்தக் கல் தென்பட்டது. 1980-களின் கடைசியில் வாகோலி குவாரியில் ஏராளமாக வெளிப்பட்டது. வெள்ளைக் கல்லின் மேல் நீலப் பூ! கல் சேகரிப்பவர்கள் கண்ணை அகல விரித்தார்கள். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் வாங்கிக்கொண்டன. காவன்சைட் என்றாலே வாகோலி என்று ஆகிவிட்டது.

நாசிக் அருகே சின்னார் என்ற ஊரில் "கார்கோட்டி" என்ற கனிம அருங்காட்சியகம் 2001-ல் ஏற்பட்டது. தக்காணப் பாறைப் பொந்துகளில் கிடைத்த கற்களுக்குப் பெயர் பெற்றது அது. அங்கே காவன்சைட்டும் இருக்கிறது.

ஒரே புள்ளி, இரண்டு கோலம்!

காவன்சைட்டுக்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் பென்டகோனைட். அதுவும் நீலம்தான். அதையும் ஓரிகானில் அதே விஞ்ஞானிகள்தான் அடையாளம் கண்டார்கள். பின்னால் வாகோலியிலும் கிடைத்தது.

இரண்டிலும் இருக்கும் பொருள்கள் ஒன்றே. அளவும் ஒன்றே. ஆனால் கல் வேறு! அது எப்படி?

வாசலில் கோலம் போடுகிறார்கள். அக்காளும் தங்கையும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி வைக்கிறார்கள். அக்காள் ஒரு விதமாக இழுக்கிறாள். தங்கை வேறு விதமாக இழுக்கிறாள். புள்ளி ஒன்று, கோலம் இரண்டு. இந்தக் கற்களும் அப்படித்தான். அணுக்கள் ஒன்றே, அடுக்கிய விதம் வேறு.

பென்டகோனைட் படிகங்கள் சில சமயம் ஐந்து ஐந்தாகச் சேர்ந்து நட்சத்திரம் போல நிற்கும். "பென்டகன்" என்றால் ஐங்கோணம். அதிலிருந்து வந்தது அந்தப் பெயர்.

மோதிரத்தில் பதிக்கலாமா?

இவ்வளவு அழகான கல்லை மோதிரத்தில் பதிக்கலாமா? கூடாது. இது மென்மையான கல்.

கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை எண்களால் குறிப்பார்கள். வைரம் 10. பளிங்குப் படிகம் 7. பேனாக்கத்தி சுமார் 5½. காவன்சைட்டோ 3 முதல் 4 வரைதான்! கத்தியால் கீறினால் கோடு விழும். ஊசிப் படிகங்கள் கை பட்டாலே ஒடிந்துவிடும்.

ஆகவே, இது பார்க்கிற கல். போட்டுக்கொள்கிற கல் அல்ல. கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கலாம்.

வாங்குகிறவர்கள் ஏமாறாமல் இருக்கவேண்டும். உதிர்ந்துபோன நீல உருண்டையை வெள்ளைக் கல்லின் மேல் பசை வைத்து ஒட்டி விற்பவர்களும் உண்டு. ஒட்டிய இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதை வீட்டில் வைத்தால் நோய் தீரும், பணம் சேரும் என்று யாராவது சொன்னால், அதற்கும் ஆதாரம் கிடையாது.

ஜல்லியா? பூவா?

இந்தக் கல்லின் தலைவிதி யார் கையில் இருக்கிறது? விஞ்ஞானியின் கையில் அல்ல. முதலில் குவாரித் தொழிலாளியின் கையில்தான் இருக்கிறது.

குவாரி தோண்டுவது ஜல்லிக்காக. பாறையில் துளை போடுகிறார்கள். வெடி வைக்கிறார்கள். சிதறிய கல்லை லாரியில் ஏற்றி கிரஷருக்கு அனுப்புகிறார்கள். கிரஷருக்கு நீலமும் தெரியாது, கருப்பும் தெரியாது. உள்ளே போனால் எல்லாம் தூள்!

வெயிலிலும் தூசியிலும் நின்று வேலை செய்யும் ஒருவர், "இது என்ன, நீலமாக இருக்கிறதே?" என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கவேண்டும். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு உளியை எடுக்கவேண்டும். சுற்றியுள்ள கல்லை மெதுவாகத் தட்டிப் பெயர்த்து எடுக்கவேண்டும். அப்போதுதான் பூ பிழைக்கும்.

உலகத்து அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் வாகோலிக் கல் ஒவ்வொன்றும் அப்படிப் பிழைத்ததுதான். சீட்டில் கல்லின் பெயர் இருக்கும். ஊரின் பெயர் இருக்கும். அதை முதலில் பார்த்துக் காப்பாற்றியவரின் பெயர் இருப்பது அரிது. அவர்கள் பார்க்கும் முன்னே ஜல்லியாகி, சாலைக்கடியில் போன பூக்கள் எத்தனையோ!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. புனே நகரம் வேகமாக வளர்ந்துவருகிறது. 2021-ல் வாகோலியும் புனே மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. நகரத்துக்கு வீடு வேண்டும், சாலை வேண்டும். வீட்டுப் பக்கத்தில் வெடிச் சத்தம் வேண்டாம். இது நியாயம்தான். ஆனால் குவாரி மூடிய இடத்தில் கல் வெளியே வருவதும் நின்றுவிடும். பூமிக்குள் எத்தனை பூ இருந்தாலும் யார் கண்ணிலும் படாது.

செடியில் பறித்த பூ மறுநாள் மறுபடி பூக்கும். கல்லில் பூத்த பூ அப்படி அல்ல. நம் காலத்தில் மறுபடி பூக்காது.

ஆலங்குளத்தில் கிடைக்குமா?

இங்கே இந்தக் கல் கிடைக்குமா என்று கேட்கலாம். கிடைக்காது என்றுதான் சொல்லவேண்டும்.

காரணம், இந்த வட்டாரத்துப் பாறை வேறு. இது தக்காணப் பாறையைவிட மிகவும் மூத்தது. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது. இங்குள்ள சுண்ணாம்புக்கல்லும் அப்படி வெந்து படிகமானதுதான். நெருப்புக் குழம்பின் குமிழித் துளைகள் இதில் இல்லை. துளை இல்லாத இடத்தில் பூ எப்படிப் பூக்கும்?

ஆனால் தமிழ்நாட்டுக்கும் சொந்தமாக ஒரு நீலம் உண்டு. காங்கேயம் பக்கத்தில் படியூர் இருக்கிறது. அங்கே கடல் நீர் நிறத்தில் "அக்வாமரின்" என்ற கல் கிடைத்தது. கெட்டியான கல், மோதிரத்தில் பதிக்கலாம். பழைய பாறைக்கு அந்த நீலம். இளைய பாறைக்கு இந்த நீலம். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு செல்வம்!

தக்காணத்துக் கல் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றும் சொல்லமுடியாது. ஆலங்குளத்துக்கு அருகே வெம்பக்கோட்டையில் 2022-ல் அகழாய்வு தொடங்கியது. பழங்கால மக்கள் அணிந்த கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் அங்கே கிடைத்தன. 2024-ல், காளை உருவம் செதுக்கிய சூதுபவளக் கல் ஒன்றும் கிடைத்தது.

சூதுபவளம் சிவப்புக் கல். தமிழகத்தில் கிடைத்த சூதுபவளம், வணிகர்கள் மூலம் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று தொல்லியல் அறிஞர்கள் கருதுகிறார்கள். குஜராத்தின் சூதுபவளம் எங்கே உண்டாயிற்று தெரியுமா? அதே தக்காணக் கருப்புப் பாறையின் துளைக்குள்தான்!

அதுவும் இரண்டாம் நிலைக் கனிமம்தான். காவன்சைட் நீலம், சூதுபவளம் சிவப்பு. இரண்டும் ஒரே தாய்ப் பாறையில் பிறந்தவை. அந்தக் காலத்திலும், அந்தக் கல்லை யாரோ ஒருவர் நின்று பார்த்திருக்கிறார். எடுத்திருக்கிறார். அது கை மாறிக் கை மாறி வைப்பாற்றங்கரை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

கல்லை உடைப்பது எளிது. உடைப்பதற்கு முன் ஒரு தடவை பார்ப்பதுதான் பெரிய காரியம். கிணறு வெட்டும்போதோ, குவாரியில் வேலை செய்யும்போதோ, வழக்கத்தில் இல்லாத நிறத்தில் ஒரு கல் தென்பட்டால், தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிடைத்த இடத்தையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள். பள்ளி ஆசிரியரிடமோ, கல்லூரியில் மண்ணியல் கற்பிப்பவரிடமோ காட்டுங்கள்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சாதாரணக் கல்லாகத்தான் இருக்கும். மீதி ஒன்றை யார் கண்டது!